அப்பாரு காலத்து பத்மினிக்கு டிஸ்க் பிரேக்... மாத்தலாமா?

காருக்கு முதன்முதலில் பிரேக்கை மேம்படுத்தியவர் ஒரு பெண். அந்த வேலையைச் செய்து கொடுத்தவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1888 ஆகஸ்ட்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். 100 கி.மீ.க்கும் மேலே பயணம். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். இன்றைக்கு ‘பிரேக் லைனிங்’ என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம் அங்கேதான்.

பென்ஸ் 1886-ல் பேட்டன்ட் வாங்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரி ஒன்று நம்ம கோவை அவிநாசி சாலையில், 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்தில் நிற்கிறது. அடுத்த முறை போகும்போது, எல்லா கார்களோடும் செல்ஃபி எடுத்து முடித்த பிறகு, கொஞ்சம் குனிந்து சக்கரங்களுக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு காரின் வயதை அதன் பெயின்ட் சொல்வதைவிட பிரேக் துல்லியமாகச் சொல்லும்.

கொங்கு மண்டலத்தில் தோட்டத்து வீட்டுச் சாளையில், தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு பத்மினியோ அம்பாசடரோ தூங்காத ஊர் குறைவு. இப்போது அந்த வீட்டுப் பேரன்களும் பேத்திகளும் அதைத் தட்டி எழுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். முதலில் இன்ஜின். பிறகு பெயின்ட். பிறகு சீட், குரோம் பம்பர், பழைய ரேடியோ. கையில் காசு மிச்சம் இருந்தால்தான் பிரேக். இந்த வரிசையே தப்பு என்பதுதான் இந்த வாரப் பஞ்சாயத்து.

பிரீமியர் பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அம்பாசடரும் அப்படித்தான் தொடங்கியது. முன்பக்க டிஸ்க் எல்லாம் பிற்கால மாடல்களில் வந்தவை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களை விரிக்கும். ஷூ போய் சுழலும் டிரம்மின் உள்சுவரில் உரசும். வண்டி நிற்கும். இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. டிரம் சுழலும் திசையிலேயே இருக்கும் ஷூவை அந்தச் சுழற்சியே இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும். பூஸ்டர் இல்லாமலே அந்தக் காலத்துக் கார்கள் சமாளித்ததற்கு இதுதான் காரணம். ஆகவே டிரம் பிரேக்கை மட்டமாக நினைக்க வேண்டாம். பீளமேட்டிலிருந்து காந்திபுரம் போய்வர, நல்ல நிலையில் இருக்கும் டிரம் தாராளமாகப் போதும்.

அதற்குப் பிரச்னை, சூடு.

ஊட்டியிலிருந்து இறங்கும்போது...

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இடையில் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். நாலு பேர் உட்கார்ந்த பத்மினி 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்னொரு விதமாகச் சொன்னால், 60 கி.மீ வேகத்தில் போகும் அதே காரை 130 தடவை பிரேக் அடித்து நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் இன்ஜின் பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால்? மிச்சம் முழுக்க அந்த நான்கு டிரம்களுக்குள்தான்.

டிரம் மூடிய பானை மாதிரி. உள்ளே பிறந்த சூடு சீக்கிரம் வெளியே போகாது. சூடானால் இரும்பு விரியும். அதாவது டிரம் ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் இன்னும் கீழே இறங்கும். லைனிங்கும் ஒரு அளவுக்கு மேல் சூடானால் வழுக்க ஆரம்பிக்கும். ‘பிரேக் பிடிக்கல’ என்று ஓட்டுபவர் பதறும் நேரத்தில், மிகப் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. எல்லாம் காய்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான். டிஸ்க் திறந்தவெளியில் காற்று வாங்கிக்கொண்டே சுழல்வதால் இந்தத் தொல்லை குறைவு. 1953-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் ஜெயித்ததும், மற்ற கம்பெனிகள் திரும்பிப் பார்த்தது இதற்காகத்தான். இரண்டே வருடத்தில் சிட்ரோயன் டிஎஸ் என்ற சாதாரணக் குடும்பக் காருக்கே முன்பக்க டிஸ்க் வந்துவிட்டது. நம்ம பத்மினி 2000-ம் ஆண்டைத் தொடும் வரையிலும் டிரம்மோடே ஓடிக்கொண்டிருந்தது.

நம்மைச் சுற்றி இறக்கத்துக்கா பஞ்சம்? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். திம்பத்தில் 27. கொல்லிமலையில் 70. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36. கல்லட்டியின் செங்குத்தான இறக்கத்தில் விபத்துகள் தொடர்ந்ததால், வெளியூர் பதிவெண் வண்டிகள் அந்த வழியாகக் கீழே இறங்கக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் புதுக் கார்களையும் சேர்த்துத்தான்.

“இத்தனை வருசம் ஓட்டலையா கண்ணு?”

எங்கள் வீட்டிலும் இதே வாக்குவாதம் நடக்கிறது. அப்பாரு வாங்கிய பத்மினி இப்போது பெரியப்பாவிடம் இருக்கிறது. டிஸ்க் என்ற பேச்சை எடுத்தாலே, “இதே பிரேக்குலதானே பழனிக்கும் போனோம், ஊட்டிக்கும் போனோம்... இப்ப என்ன கண்ணு புதுசா?” என்பார். நியாயமான கேள்வி. அவர் சொல்லும் காலத்தில் முன்னால் போன லாரிக்கும் பஸ்ஸுக்கும் இவர் வண்டி அளவுக்குத்தான் பிரேக் இருந்தது. எல்லோரும் மெதுவாகப் போனார்கள், எல்லோரும் மெதுவாக நின்றார்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் ஏ.பி.எஸ் கட்டாயம். சேலம் பைபாஸில் முன்னால் போகும் கார் சடக்கென்று நிற்கிறது. பின்னால் வரும் பத்மினியால் அதே தூரத்தில் நிற்க முடியுமா? வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். 40-ல் நன்றாக நின்ற வண்டி 80-ல் வேறு வண்டி.

ஆனாலும் பெரியப்பா பக்கம் ஒரு விஷயத்தில் நான் நிற்பேன். ‘பழைய பிரேக் சரியில்லை’ என்று டிஸ்க்குக்குத் தாவும் பலருடைய வண்டியில், அந்தப் பழைய பிரேக் கம்பெனியிலிருந்து வந்த நிலையிலேயே இல்லை. வருடக்கணக்கில் நின்ற கார் அது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. அந்த ஈரம் வீல் சிலிண்டர்களைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். ஒரு பக்கம் பிஸ்டன் இறுகியிருக்கும். பிரேக் அடித்தால் வண்டி இன்னொரு பக்கம் இழுக்கும். டிரம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். பெடல் காலில் துடிக்கும். ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கும். இதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு முன்பக்கம் மட்டும் டிஸ்க் மாட்டுவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு டைல்ஸ் போடுகிற கதை.

முதல் செலவு: உள்ளதை ஒழுங்காக்குவது. நான்கு வீல் சிலிண்டர்களும் மாஸ்டர் சிலிண்டரும் புதிது அல்லது புது கிட். எல்லா ஹோஸும் புதிது. துருப்பிடித்த குழாய்களுக்குப் பதில் பிரேக்குக்கென்றே வரும் குழாய். ஃபிரிட்ஜுக்கு ஓட்டும் செப்புக் குழாயை வளைத்துப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிரம்மை லேத்தில் கடையும்போது, கம்பெனி சொன்ன அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது; மெலிந்த டிரம் இன்னும் சீக்கிரம் சூடாகும். லைனிங் ஒட்டவோ ரிவிட் அடிக்கவோ நம்ம பக்கம் ஆள் தேட வேண்டியதே இல்லை. லாரித் தொழில் நடக்கும் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோட்டில் தடுக்கி விழுந்தால் லைனிங் கடை. ஷூவின் வளைவு டிரம்மின் வளைவோடு முழுக்கப் படிகிறதா என்று மட்டும் நின்று பாருங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் அண்ணாவின் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்தால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இதே அளவுகள் 230, 155. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ் வரும். பெடல் பஞ்சு மாதிரி அடியில் போய் உட்காரும். டிரம், டிஸ்க் எதுவானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றி, ஏர் எடுப்பதற்கு ஆகும் செலவு மிகவும் குறைவு. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மட்டும் இதனுடன் கலக்கவே கூடாது.

டிஸ்க்குக்கு முன்னால் ஒன்று

என்னைக் கேட்டால், பழைய காரில் செய்ய வேண்டிய முதல் மாற்றம் டிஸ்க் கிடையாது. இரட்டை மாஸ்டர் சிலிண்டர். பழைய கார்களின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஒரு அறை. நான்கு சக்கரத்துக்கும் அங்கிருந்துதான் ஆயில். ஏதாவது ஒரு சக்கரத்தில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. இரட்டை அறை சிலிண்டரில் முன்பக்கத்துக்குத் தனி, பின்பக்கத்துக்குத் தனி. ஒன்று போனாலும் மற்றது மிச்சம் இருக்கும். கால் கொஞ்சம் ஆழமாகப் போகும், வண்டி நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, போட்டோவிலும் விழாது. அதனால்தானோ என்னவோ, இதைச் செய்பவர்கள் குறைவு.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். குடும்பத்தோடு அடிக்கடி மலைக்குப் போவீர்கள், நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் ஓட்டுவீர்கள் என்றால் முன்பக்க டிஸ்க் போடலாம் என்பதே என் பக்கம். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன் சக்கரங்கள்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. பின்னால் டிரம் அப்படியே இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கும் அதில்தான் இருக்கிறது.

இங்கேதான் கோயம்புத்தூரின் பெருமையே நமக்கு ஒரு ஆபத்தாகவும் வந்து நிற்கிறது. மோட்டார் பம்பு செய்யும் ஊர். கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கிய ஊர். கணபதியிலோ சிங்காநல்லூரிலோ எந்தப் பட்டறையில் எதைக் கேட்டாலும் ‘செஞ்சுரலாம்ங்க’ என்பதுதான் பதில். உண்மையில் செய்தும் விடுவார்கள். வேறொரு காரின் டிஸ்க்கும் கேலிபரும் பழைய பாகக் கடையில் கிடைக்கும். லேத்தில் ஒரு பிராக்கெட் போட்டால் சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம். ஆனால் அந்தப் பிராக்கெட் என்ன வாங்குகிறது தெரியுமா? வேகத்தில் முழு பிரேக் அடிக்கும்போது ஒவ்வொரு முன் கேலிபரையும் சுமார் முக்கால் டன் விசை பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். கேஸ் கட்டிங்கில் வெட்டி வெல்டிங் வைத்த தகடு இதை எத்தனை நாள் தாங்கும்? கெட்டி ஸ்டீலில் கடைந்ததா, எந்தத் தர போல்ட், யார் வரைந்து கொடுத்தது என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற பட்டறை உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, கூடவே மாற வேண்டியவை. கேலிபர் பிஸ்டன் பெரிது, அதிக ஆயில் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு தள்ளாது. அதுமட்டுமில்லாமல், டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும் ஒரு வால்வு பல வண்டிகளில் இருக்கும். அதை அப்படியே டிஸ்க்குக்குக் கொடுத்தால் பேட் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜும் போகும், டிஸ்க்கும் காயும். டிஸ்க்குக்கு டிரம் மாதிரி தானே இறுகும் குணம் இல்லாததால் பெடல் கல் மாதிரி இருக்கும். அதற்கு வேக்குவம் பூஸ்டர் வேண்டும். அந்தப் பூஸ்டர் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். இன்ஜினை அணைத்தால் இரண்டு, மூன்று மிதிக்கு மேல் உதவி கிடையாது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைக்கும் பழைய பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், டிஸ்க் போட்ட அன்றே அதை மறக்கச் சொல்லுங்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும் எவ்வளவு பிடிக்கிறது என்ற விகிதத்தையும் பார்க்க வேண்டும். மழைச் சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரம்தான். இன்னொரு சின்ன விஷயம்: கேலிபர் பழைய ரிம்முக்குள் அடங்குகிறதா என்று அளந்து பாருங்கள். அடங்காமல் அலாய் வீலுக்கு மாறி, பத்மினியின் முகமே மாறிப்போன வண்டிகளைப் பார்க்கும்போது மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

ஆர்.டி.ஓ என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் இருக்கும் விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின் எண், சேஸிஸ் எண், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை போன்றவை அதில் இருக்கும். டிரம்மா டிஸ்க்கா என்பது இருக்காது. இருந்தாலும், எஃப்.சி-க்குப் போகும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது.

உங்கள் வண்டி முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டியிருந்தால் இன்னொரு கணக்கு. 2021-ல் வந்த வின்டேஜ் விதிப்படி, ‘வி.ஏ’ எழுத்துள்ள தனிப் பதிவெண் வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு எடுக்கலாம், தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் மாற்றம் கூடாது என்கிறது விதி. பிரேக்கைப் பற்றித் தனியாகப் பேசவில்லை. ஆனால் பூஸ்டர் மாட்ட பாடியை வெட்டி ஓட்டை போட்டால்? என் வாசிப்பில், அங்கே சிக்கல் வரலாம். 1970-களின் தொடக்கத்து வண்டி வைத்திருப்பவர்கள், வெட்டாமல், போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய விதத்தில் மட்டும் மாற்றுங்கள். கழற்றிய டிரம், ஷூ, பேக் பிளேட் எல்லாவற்றையும் கிரீஸ் தடவி, பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். நாளைக்குப் பழையபடி வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், ஒரே நாள் வேலை.

எதுவுமே மாற்றாமல் டிரம்மோடு மலைக்குப் போகிறீர்களா? ஏறிய கியரிலேயே இறங்குங்கள். காலைப் பெடலிலேயே வைத்துத் தேய்க்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். சீசன் நேரத்தில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். நடுவில் டீக்கு நிற்க நல்ல இடங்கள் உண்டு, அரை மணி நேரம் நில்லுங்கள். கருகிய வாடை வந்தால் உடனே நில்லுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். அந்தச் சூட்டில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

டிஸ்க் மாட்டியவர்கள், மாட்டிய மறுநாளே ஊட்டிக்குக் கிளம்ப வேண்டாம். புது பேட் டிஸ்க்கில் படிய முதல் 200, 300 கி.மீ ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுங்கள். பிறகு அதிகாலையில் ஆளில்லாத நேரான சாலையில் 40-ல் ஒரு தடவை, 60-ல் ஒரு தடவை அழுத்திப் பிடித்து, வண்டி நேராக நிற்கிறதா, எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து நான்கு சக்கரத்தையும் கை அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று சூடு வித்தியாசப்பட்டால் பட்டறைக்குத் திரும்பிப் போங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடியே வைத்திருங்கள். கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. எல்லாம் சரியாக இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலில் மருதமலை. ஊட்டி அதற்கடுத்த வாரம்.